விழா முடிந்த இரவில் டெக்கரேஷனை என்ன செய்கிறீர்கள்?

கடலோரம் (வெள்ளவத்தை) எழுதியது:

மகளுக்குப் போன சனிக்கிழமை ஐந்தாவது பிறந்தநாள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்ன மண்டபம் எடுத்தோம். டெக்கரேஷனுக்கு மட்டும் 32,000 ரூபாய். பலூன் வளைவு, கடதாசிப் பூக்கள், ரெஜிபோமில் வெட்டிய பெயர், பொன் நிறத்தில் பெரிய 5. உண்மையிலேயே வடிவாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

இரவு பத்து மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். வேலைக்கு வந்த இரண்டு தம்பிமாரும் தங்களுடைய இரும்புச் சட்டத்தையும் திரையையும் கழற்றி வான் வண்டியில் ஏற்றினார்கள். மற்றதையெல்லாம் பேப்பர் வெட்டும் கத்தியால் சரசரவென்று அறுத்துத் தள்ளினார்கள். பத்து நிமிஷம்தான், ஏழு கறுப்புப் பை. "பூக்களையாவது தாங்கோ" என்று கேட்டேன். "அக்கா, இதெல்லாம் இனி நசிஞ்சு போச்சு" என்றான் ஒருவன். மூன்று நாள் இருந்து அவர்கள் செய்த பூக்கள் அவை.

காலையில் கடைக்குப் போகும்போது பார்த்தேன். பைகளை நாய் கிழித்திருந்தது. மகளுடைய பெயரின் முதல் எழுத்து கானுக்குள் கிடந்தது. பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது என்ட எழுத்து" என்றாள். அந்த ஒரு வார்த்தை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டு மாதத்தில் மகனுக்கு ஏழு வயது. இந்த முறை நானே செய்து, கழற்றி, எடுத்து வைக்கப் போகிறேன். எங்களுடையது தொடர்மாடியில் இரண்டு அறை வீடு, கடற்கரைப் பக்கம். எதை வைத்திருக்கலாம், எதை வைத்திருப்பதில் பயனில்லை? எங்கே, எப்படி வைக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தையல்பெட்டி (பம்பலப்பிட்டி):

தங்கச்சி, துணியில் தொடங்குங்கள். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள், வெட்டுத்துண்டுகள் சாக்குக் கணக்கில் சேரும். 11 வருஷத்துக்கு முன் அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வெட்டி நாடாவில் தைத்த கொடி இன்றைக்கும் ஓடுகிறது. என் பிள்ளைகள், தமக்கையின் பிள்ளைகள், மேல் வீட்டுச் சாமத்தியவீடு என்று எத்தனை விழா கண்டதோ தெரியாது. பின்திரைக்கு அம்மாவின் பழைய ஜோர்ஜட் சீலைகள் இரண்டு. மேலே ஒரு மடிப்புத் தைத்து, தடி நுழைய வழி விட்டேன். மடித்து வைத்தால் சுருக்கம் விழும் என்பதால், புறக்கோட்டை கெய்சர் வீதித் துணிக்கடையில் துணி சுற்றி வரும் மட்டைக் குழாயைக் கேட்டு வாங்கி அதில் சுற்றி, அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். இடமே எடுக்காது.

முக்கியமான ஒன்று. வாங்கும்போதும் செய்யும்போதும் பெயரும் வயதும் பதிக்காதீர்கள். "வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதினால் அது எந்த வீட்டுக்கும் எந்த விழாவுக்கும் போகும்.

பெயர் வேண்டுமென்றால் எழுத்துகளைத் தனித்தனி அட்டையாக வெட்டுங்கள். ஆங்கிலத்துக்கு 26 போதும், தமிழுக்கு எப்படி என்று பயப்பட வேண்டாம். க, ச, த, ம, ர, வ போன்றவற்றை ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டினேன். கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு எல்லாம் தனி அட்டை, பக்கத்தில் கோத்தால் சரி. புள்ளிக்குச் சட்டைப் பொத்தான், இரட்டைப்பக்க டேப்பில் மேலே ஒட்டுவேன். கி, கு, மு போன்றவை அப்படிப் பிரியாது, தேவை வரும்போது முழு எழுத்தாக வெட்டிச் சேர்த்துக்கொள்வேன். இப்போது ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய எழுத்து இருக்கிறது. பிள்ளைகள் மழை நாளில் அதை எடுத்து வைத்துச் சொல் கோக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை மணி:

எங்கள் வீட்டில் இதைக் கிறிஸ்மஸுக்கு வைக்கும் பாலன் குடில்தான் சொல்லிக்கொடுத்தது. அப்பா வாங்கிய சுரூபங்கள் 30 வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள் கழிந்ததும் ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, பிஸ்கட் பேணியில் அடுக்கி, எந்தப் பேணியில் யார் என்று மேலே எழுதுவார் அப்பா. ஒரு ஆட்டுக்குட்டிக்கு மட்டும் கால் உடைந்திருக்கிறது. அதுவும் நான் விழுத்தியது.

மின்குமிழ்ச் சரம் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள். கழற்றும் முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எரியாததை எடுத்து வைத்து அடுத்த வருஷம் அழுவதில் பயனில்லை. ஒரு மட்டைத் துண்டின் இரண்டு ஓரத்திலும் வெட்டுப் போட்டு, முனையை அதில் செருகிச் சுற்றினால் சிக்காது. ஒரு மட்டைக்கு ஒரு சரம். பற்றரியில் எரிவதென்றால் பற்றரியைக் கட்டாயம் கழற்றி விடுங்கள். உள்ளே விட்டால் கசிந்து தகட்டைத் தின்றுவிடும், பிறகு கறள்தான்.

2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் மெழுகுதிரிக்கும் விலை ஏறிவிட்டது. கிறிஸ்மஸுக்கு வாங்கிய பற்றரிச் சரத்தைக் குசினி ஜன்னலில் கட்டி அந்த வெளிச்சத்தில்தான் சமைத்தோம். மகள் ஓ.எல். பரீட்சைப் பாடமும் அதில்தான் படித்தாள்.

மூன்றாம் மாடி (தெஹிவளை):

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் நான் வேறு பக்கத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வீடு 650 சதுர அடி. புறக்கோட்டையில் நாலாயிரம் ரூபாய்க்குள் புதிதாக எல்லாம் வாங்கலாம். அதை வருஷம் முழுக்கக் காப்பாற்றி வைக்க எனக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. அத்தோடு போட்டோவில் போன வருஷத்துப் பூவே இந்த வருஷமும் இருந்தால் மச்சாள்மார் உடனே கேட்பார்கள். பிள்ளைக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கிறோம் என்று பேச்சு வரும். அது வலிக்கும், பொய் சொல்லவில்லை.

பழைய ஆசிரியை (கொலன்னாவை):

மூன்றாம் மாடி, உங்கள் வலி விளங்குகிறது. இடமும் நேரமும் இல்லாதது உண்மைதான். நான் இருக்கும் இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கோபத்தில் அல்ல.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. மீதொட்டமுல்ல குப்பை மேடு அன்று பின்னேரம் வீடுகளின் மேல் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பலகாரத் தட்டோடு இருந்த வீடுகள் அவை. கொழும்பு நகரத்தின் குப்பை அங்கேதான் வந்துகொண்டிருந்தது. நாங்கள் வருஷக்கணக்காக அந்த மணத்தோடு இருந்தோம். நாங்கள் கட்டிப் போட்ட பைகள் எங்கே போகின்றன என்று அதுவரை நானும் யோசித்ததில்லை, இவ்வளவு கிட்ட இருந்தும்.

அந்த வருஷம் செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனுக்கும் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதோடு சேர்ந்து, அரசியல், சமய, கலாசார, சமூக நிகழ்ச்சி எதற்கும் பொலித்தீனை அலங்காரமாகக் கட்டக் கூடாது என்றும் வர்த்தமானி வந்தது. அது பலருக்குத் தெரியாது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோவோடு பிளாஸ்டிக் பூமாலைக்கும் தடை. ஆகவே கடையில் மலிவாக அகப்பட்டாலும் பொலித்தீன் கொடியையும் பிளாஸ்டிக் மாலையையும் வாங்க வேண்டாம்.

பிள்ளைக்குச் செய்வதில் யாரும் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. என் பேரனுக்கு அவன் அம்மாவின் முதல் பிறந்தநாளில் கட்டிய அதே கடதாசி விசிறியைக் கட்டினோம். வந்தவர்களுக்கெல்லாம் அவனே அதைக் காட்டிக்காட்டிச் சொன்னான்.

மூன்றாம் மாடி (தெஹிவளை):

ரீச்சர், நான் 2017இல் கொழும்புக்கு வந்திருக்கவில்லை. செய்தியில் பார்த்ததோடு சரி. நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சரி, எங்களுக்கு இருப்பது கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி வைக்கும் இடம்தான். அதற்குள் என்ன கொள்ளும் என்று சொல்லுங்கள். பலூனை என்ன செய்வது?

தெமட்டகொட ராத்தா:

பலூனுக்கு நான் வருகிறேன். வீட்டில் ஆறு பிள்ளைகள், பெருநாளும் பிறந்தநாளுமாக வருஷம் முழுக்கப் பலூன்தான்.

மினுங்கும் தகட்டுப் பலூன், அந்த எண் பலூன்கள், அவற்றை எறியவே வேண்டாம். காற்று அடிக்கும் வாயில் இரண்டு படலம் ஒட்டிக்கொண்டு அடைப்பாக இருக்கும். அதற்குள் ஒரு கடதாசி ஸ்ட்ரோவை மெதுவாகத் திருகித் திருகிச் செலுத்துங்கள். ஒரு கட்டத்தில் உஸ் என்று காற்று வரத் தொடங்கும். அவசரப்பட்டு அமத்த வேண்டாம், தையலில் கிழியும். பலூனை மேசையில் வைத்து நுனியிலிருந்து வாய்ப்பக்கமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டு வாருங்கள், பாயைச் சுருட்டுகிற மாதிரி. காற்றுப் போனதும் ஸ்ட்ரோவை இழுத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். வாய்ப்பக்கத்தை மடிக்காமல் ஒரு பழைய கொப்பியின் நடுவில் வைத்தால் சரி. என்னிடம் 0 முதல் 9 வரை இருக்கிறது. அதில் 3ஐ நாலு தடவை ஊதியாயிற்று.

றப்பர் பலூன் அப்படி இல்லை. ஊதிய மறுநாளே மேல்தோல் வெளிறி மாவு பூசினது போல் ஆகிவிடும், திரும்ப ஊதினால் வெடிக்கும். ஆகவே அதை எண்ணி வாங்குங்கள், வளைவுக்கு நூறு கட்ட வேண்டாம், இருபது போதும். ஊதாமல் மிஞ்சினதைக் கொஞ்சம் முகப்பவுடர் தூவி மூடி இறுக்கமான போத்தலில் போட்டு இருட்டில் வையுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

வெடித்த துண்டுகளை அன்றிரவே பொறுக்கி விடுங்கள். தவழும் பிள்ளை வாயில் போட்டால் தொண்டையில் போய் அடைக்கும். முற்றத்தில் விட்ட கோப்பையிலும் பலூன் கிண்ணத்திலும் மழைத்தண்ணீர் நின்றால் நுளம்பு. எங்கள் தெருவில் டெங்கு வராத வீடே இல்லை. ஹீலியம் அடித்ததை வானத்தில் விடவே வேண்டாம், அந்தத் தகடு கரண்ட் கம்பியில் பட்டால் கெட்ட வேலை.

வெள்ளம்பிட்டி வாசி:

கட்டிலுக்கு அடியில் என்று வாசித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. மூன்றாம் மாடிக்கு அது பிரச்சினையில்லை. எங்களைப் போலத் தரையில் இருப்பவர்கள் அப்படி வைக்காதீர்கள். 2016 மே வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மட்டைப்பெட்டியில் இருந்த பத்து வருஷத்து அலங்காரம் எல்லாம் கூழாகிவிட்டது. தங்கச்சியின் கலியாணத்துக்கு நாங்கள் எல்லாரும் இருந்து செய்த கடதாசி மல்லிகைச் சரமும் அதில்தான் போனது. கிறேப் கடதாசியின் சிவப்புச் சாயம் சுவரில் ஏறிய இடம் இரண்டு தரம் பெயின்ட் அடித்தும் தெரிகிறது.

இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அலுமாரிக்கு மேல். மூடியின் உட்பக்கத்தில் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடலோரம் (வெள்ளவத்தை):

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, மனம் நிறைந்துவிட்டது. ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் எதை வைத்தாலும் ஆறு மாதத்தில் பூஞ்சணம், இரும்பு என்றால் கறள். உப்புக் காற்று. பெட்டியை இறுக்கி மூடுவதா, காற்றுப் போக விடுவதா?

தையல்பெட்டி (பம்பலப்பிட்டி):

நானும் உங்கள் காற்றுக்குள்தான் இருக்கிறேன். இறுக்கி மூடலாம், ஆனால் உள்ளே போவது காய்ந்திருக்க வேண்டும். மண்டபத்திலிருந்து இரவு கொண்டுவந்ததை அப்படியே பெட்டிக்குள் போடாதீர்கள். மனிதர் மூச்சும் சாப்பாட்டு ஆவியும் அதில் ஏறியிருக்கும். மறுநாள் துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள், கடதாசியை விசிறிக்குக் கீழே ஒரு நாள் விரித்து விடுங்கள். கைப்பையிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் நாலைந்து போடுங்கள். பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெயில் உள்ள நாளில் திறந்து வைத்தால் போதும்.

குண்டூசி குத்த வேண்டாம். இரண்டே மாதத்தில் துணியில் கறள் பொட்டு விழும், அது போகவே போகாது. உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப் நல்லது. செலோடேப்பை எடுத்துவைக்கும் முன்பே உரித்து விடுங்கள். விட்டால் பசை மஞ்சளாகி அடுத்த கடதாசியையும் பிடித்துக்கொள்ளும். நூலில் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் லேசு.

மலைநாட்டான் (வத்தளை):

எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு ஒரே பெட்டி. ஒவ்வொரு வீடும் எல்லாவற்றையும் வாங்கி வைக்கத் தேவையில்லை என்று 2022இல் விலை ஏறியபோது தொடங்கினோம். உள்ளே ஒரு கொப்பி. எடுத்துப் போகிறவர் தேதியும் பொருளும் எழுத வேண்டும், திருப்பித் தரும்போது மற்றவர் பார்த்துக் கையெழுத்து. தொடக்கத்தில் கொப்பி இல்லை. ஒரு மின்குமிழ்ச் சரம் காணாமல் போய், இரண்டு வீடு ஆறு மாதம் பேசாமல் இருந்தது. சரத்தின் விலை 900 ரூபாய்.

இன்னொன்றும் நடந்தது. செத்தவீட்டுக்குக் கட்டிய வெள்ளைத் துணியைத் துவைத்துப் பெட்டியில் போட்டிருந்தோம். அதை ஒரு பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு எடுத்தபோது அந்த வீட்டு அம்மாச்சி அழுதுவிட்டார். துவைத்த துணிதானே என்று சொல்லலாம். சொல்லவில்லை. மறுநாளே வெள்ளைக்குத் தனிப் பை, மேலே கறுப்பு நாடா. இந்த மாதிரி விஷயத்தில் பெரியவர்களோடு வாதாடாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

பழைய ஆசிரியை (கொலன்னாவை):

சரியாகச் செய்தீர்கள் தம்பி.

நான் ஒன்றைச் சேர்க்கிறேன். எடுத்து வைக்கவே தேவையில்லாத அலங்காரம் எங்களிடம் எப்போதும் இருக்கிறது. வாசலில் இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், குருத்தோலை. குருத்தோலையை முதல்நாள் பின்னேரம் பின்னி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் விடிய வாடாமல் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா தென்னங்குருத்தில் குருவியும் பூவும் செய்வார். எங்கள் வீட்டு விழாவுக்கு அவர் பின்னித் தருகிறார், வெசாக் பண்டிகைக்கு அவருடைய எட்டுப்பட்டை விளக்குக் கூட்டுக்கு நாங்கள் போய்த் தாள் ஒட்டிக் கொடுக்கிறோம். அந்தக் கூட்டின் மூங்கில் சட்டத்தை அவர் எறிவதில்லை. பழைய தாளை நனைத்து உரித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுவார். அதே சட்டம் எட்டு வருஷமாக அவர் வாசலில் எரிகிறது.

விழா முடிந்ததும் வாழையைத் துண்டு துண்டாக வெட்டி உரக்குழியில் போட்டு விடுங்கள். அப்படியே றோட்டில் சாய்த்து விட்டால் அதுவும் குப்பைதான்.

கடலோரம் (வெள்ளவத்தை), இரண்டு மாதத்துக்குப் பிறகு:

மகனுடைய பிறந்தநாள் முடிந்தது. மொத்தச் செலவு 6,400 ரூபாய். அதில் பெரும்பங்கு மூடிப் பெட்டியும் இரண்டு மின்குமிழ்ச் சரமும், அவை இனி எப்போதும் இருக்கும். திரை அம்மாவின் பச்சைச் சீலை. எழுத்துகளை மகனும் மகளும் வெட்டினார்கள், "ண"வில் ஒரு சுழி குறைந்துவிட்டது, அப்படியே கட்டினோம்.

ஒன்று பிழையாகிப் போனது. கிறேப் கடதாசி நாடாவை ஜன்னல் ஓரமாகக் கட்டினேன், மத்தியானம் மழைச் சாரல் அடித்து நீலச் சாயம் மகளின் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. வெள்ளம்பிட்டி வாசி சொன்னதை மறந்த என் பிழை. அந்த இடத்துக்கு இனித் துணிக் கொடிதான்.

கழற்ற 40 நிமிஷம் எடுத்தது. கேக் வெட்டும் முன்பே "போகும்போது ஆளுக்கு ஒரு பொருளைக் கழற்றித் தாருங்கள்" என்று சொல்லி வைத்திருந்தேன். சொந்தக்காரர் ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். மற்றவர்கள் கதிரையில் ஏறி நின்று சிரித்துச் சிரித்துக் கழற்றினார்கள். பிள்ளைகள் தகட்டுப் பலூனில் ஸ்ட்ரோ விட்டுக் காற்று இறக்கப் போட்டி போட்டார்கள். குப்பைக்குப் போனது ஒரு சின்னப் பை.

பெட்டியின் மூடியில் மகள் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "திறக்க முன் அம்மாவிடம் கேட்கவும்".

மூன்றாம் மாடி (தெஹிவளை):

கடலோரம் அக்கா, வாழ்த்துகள். எங்கள் சின்னவளுக்கு வருகிற மாதம் 5 வயது. ராத்தாவிடம் கேட்டேன், அவருடைய 5 ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறதாம். உங்கள் மகளின் அந்தப் பொன் நிற 5 தப்பியதா?

கடலோரம் (வெள்ளவத்தை):

அது கறுப்புப் பையோடு போய்விட்டது தம்பி. ஆனால் 7 இருக்கிறது, ராத்தாவிடம் கொடுத்து 5 திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்துப் பெட்டியும் திரையும் எடுங்கள். ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தைக்கு வருவீர்கள்தானே, பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன். கொப்பியும் கொண்டு வருகிறேன், நீங்கள்தான் முதல் கையெழுத்து.